மழையும் பனியும் மூக்கொழுகும் பிள்ளைகளும்

“போன வாரம்தானே சளி விட்டுது, அதுக்குள்ள மறுபடியும் மூக்கு ஒழுகுதே!” ஐப்பசி தொடங்கித் தை பிறக்கும்வரை, கைக்குழந்தையோ எல்.கே.ஜி. பிள்ளையோ இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு ஓயாது. கூடவே மூன்று சந்தேகமும் வரும். பிள்ளைக்கு எதிர்ப்புசக்தி குறைவோ? மழையில் நனையவிட்டது தப்போ? டாக்டர் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லையோ? டீ போட்டாயிற்று, உட்காருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு. அங்கன்வாடிக்கோ பிளே ஸ்கூலுக்கோ போகத் தொடங்கிய வருஷத்தில் இன்னும் கூடலாம். ஒரு சளி அடங்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரைகூட இழுக்கும். இவற்றில் பெரும்பகுதி மழையும் பனியுமான இந்த மாதங்களில் வந்து விழுந்தால், ஒன்று முடியுமுன்னே அடுத்தது தொடங்கியதுபோலத்தான் தோன்றும்.

சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். அதில் ரைனோ வைரஸ் என்ற ஒரு குடும்பத்திலேயே 160 வகைகளுக்கு மேல் உண்டு. ஒரு வகையை எதிர்த்து உடம்பு கற்றுக்கொண்டது அடுத்த வகைக்கு முழுதாக உதவாது. நாமெல்லாம் முப்பது நாற்பது வருஷத்தில் இவற்றில் பலவற்றைச் சந்தித்து முடித்தவர்கள். பிள்ளை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டு, எடை கூடி, சளி இல்லாத நாளில் ஓடியாடி விளையாடுகிற பிள்ளைக்கு அடிக்கடி மூக்கு ஒழுகுகிறதே என்று எதிர்ப்புசக்தி டானிக் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது, நனைந்தால் சளி பிடிக்குமா என்ற கேள்வி. நனைந்தால் பிடிக்கும் என்பார் அப்பத்தா. சளிக்குக் காரணம் வைரஸ், தண்ணீர் இல்லை என்பார் டாக்டர். இரண்டிலுமே உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அந்த நாட்களில் சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். வகுப்பறையிலும் அப்படியே. ஒரே காற்றைப் பத்துப் பேர் சுவாசிக்கிறார்கள். ஒரு பிள்ளை தும்மினால் அந்த வைரஸ் வெளியே போக வழியில்லை. மழைக்காலச் சளிக்கு இது பெரிய காரணம்.

ஆனால் குளிர்ச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 90 பேரைக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் பாதத்தை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு 90 பேர் வெறும் பாத்திரத்தில் காலை வைத்திருந்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் தங்களுக்குச் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 13 பேர், இரண்டாவதில் 5 பேர். உடம்பு குளிரும்போது மூக்கின் உள்ளே ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அங்கே காவல் குறைகிறது, ஏற்கெனவே ஒட்டியிருந்த வைரஸ் தலைதூக்குகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். ஆகவே நனைந்துவந்த பிள்ளைக்குத் தலையைத் துவட்டி, ஈர சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் துடைத்துவிடுவது நல்ல பழக்கம். அதோடு மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைப்பதையும், பள்ளி விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழைப்பழமும் தயிரும் வைரஸைக் கொண்டுவருவதில்லை. சளி நாளில் சாப்பாடே இறங்காத பிள்ளை, தயிர்சாதம் கேட்டால் கொடுக்கலாம்.

இனி மருந்து. சாதாரணச் சளியைச் சீக்கிரம் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான் வேலை செய்யும், வைரஸை ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னால் பல பெற்றோருக்கு மனசு ஆறாது. பிள்ளை இருமிக்கொண்டிருக்க நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று தோன்றும். நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த மாதங்களில் பிள்ளைக்குச் செய்வதைக் கொஞ்சம் குறைத்து, பிள்ளையைப் பார்ப்பதைக் கொஞ்சம் கூட்டுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த வீட்டில் பதற்றமும் குறையும், ஆபத்தும் குறையும்.

செய்ய வேண்டியவை எளியவை. கைக்குழந்தைக்கு வாயால் மூச்சுவிடுவது எளிதில் வராது. மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு அழும். மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் மூக்கில் ஓரிரு சொட்டு விட்டால் கெட்டிச் சளி இளகும், குழந்தை ஓரளவு நிம்மதியாகக் குடிக்கும். ஒரே மூச்சில் குடிக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், காரம் குறைந்த ரசம்சாதம், கஞ்சி. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் படுக்குமுன் அரை ஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் சற்றுத் தணியும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

விட வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். இவையெல்லாம் அன்போடு செய்யப்படுபவை, அதனால்தான் விடுவது கடினம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சுடவைத்து நெஞ்சில் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். கற்பூரம் பச்சைக்குழந்தையின் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போனால் வலிப்பு வரலாம். கற்பூரம் கலந்த தைலமும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால், அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது. ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதமாக இருக்கலாம். போர்வைக்குள் திமிறும் மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் கொதிக்கும் தண்ணீரை வைத்தால், சளியைவிடச் சூட்டுக்காயம்தான் பெரிய ஆபத்து.

புகையும் அப்படித்தான். தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும்போது வீடே மணக்கும், குழந்தையும் சொக்கித் தூங்கும். ஆனால் மூச்சுக்குழல் ஏற்கெனவே வீங்கியிருக்கும் சளி நாளில் அந்தப் புகை எரிச்சலைக் கூட்டும். கொசுவத்திச் சுருள் அதைவிட மோசம். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளியேறும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்தால் வெளியேறுவதற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பிள்ளை தூங்கும் இடத்தில் கொசுவலை கட்டுவதுதான் சரி. தீபாவளிப் பட்டாசு, போகி நெருப்பு இரண்டுக்கும் இதே கணக்கு. வீசிங் உள்ள பிள்ளையை அன்று உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருமல் சிரப் விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை விடுத்த அறிவுரை, இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுவரையும் பொதுவாகத் தேவையில்லை என்றது. போன வருஷம் அக்காவுக்கு எழுதிக்கொடுத்த பாட்டில் அலமாரியில் இருந்தால், இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

வீட்டில் இருக்க வேண்டிய மருந்து பாரசிட்டமால் ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றிருக்கும். இன்னொன்றில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றிருக்கும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். நிறமும் மணமும் ஒன்றுபோல் இருந்தாலும் வீரியம் வேறு வேறு. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான வழக்கமான அளவு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது ஏறக்குறைய 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லிதான். போன தடவை ஆறு மில்லி கொடுத்தோமே என்று பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். பிள்ளையின் எடையைச் சொல்லி டாக்டரிடம் மில்லிகிராம் கணக்கில் எழுதி வாங்குங்கள். சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு, மருந்தோடு வரும் அளவுமூடியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் காய்ச்சல். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த அளவு வந்தாலே, வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்போது பார்ப்பதற்கு வருவோம். சளிப் பிள்ளையிடம் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது மூச்சு. சாதாரணச் சளி நிமோனியாவாக மாறுகிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டெதஸ்கோப் வேண்டாம், ஒரு நிமிஷம் காட்டும் கடிகாரம் போதும். பிள்ளை தூங்கும்போதோ மடியில் சும்மா கிடக்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிடுங்கள். நெஞ்சும் வயிறும் சேருமிடத்தைப் பாருங்கள். அது ஒருமுறை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது, ஏனென்றால் சின்னப் பிள்ளையின் மூச்சு சீராக ஓடாது, சற்று வேகமெடுக்கும், சற்று நிதானிக்கும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை இது: இரண்டு மாதத்துக்குள் நிமிஷத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை இழுக்கும்போது அந்த இடம் உள்ளே குழிந்தால், மூக்கு விடைத்தால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்க முடியாமல் துவண்டால், எண்ணி முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சளி எவ்வளவு மஞ்சளாக, பச்சையாக வருகிறது என்பதைவிட இந்த அடையாளங்கள்தான் உயிரைக் காப்பவை.

இரண்டாவது, காய்ச்சல் இறங்கும் நாள். மழைக்காலக் காய்ச்சல் என்றாலே டெங்குவையும் மனதில் வைக்க வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு தணியும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ‘அப்பாடா, காய்ச்சல் விட்டது’ என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அந்த நாளில்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அமுங்கிக் கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருப்பது ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதிக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுபுரூஃபன், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு கூடும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. நம் வீட்டுச் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று போய்ப் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தேங்காய்த் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் உட்புறம் தேங்காய்நார் போட்டுத் தேயுங்கள். முட்டைகள் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். நெளியும் புழுவை ஒருமுறை கண்ணால் பார்த்த நாலு வயதுப் பிள்ளை, அடுத்த வாரம் தானே முன்னால் ஓடும்.

துணி உலராத பிரச்சினை சின்னதாகத் தெரிந்தாலும் அந்த வீட்டின் காற்றையே அது தீர்மானிக்கிறது. கூடத்தில் குறுக்குக்கொடி கட்டி, சீருடையும் ஜட்டியும் கைக்குழந்தையின் துணிகளும் நெருக்கித் தொங்கினால், அவற்றிலிருந்து கிளம்பும் ஈரம் சுவரில் ஏறும். அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளி பூஞ்சை பிடிக்கும். அது வீசிங் பிள்ளைக்கு ஆகாது. கொடியை ஜன்னலோரமாக மாற்றி, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, மின்விசிறியைப் போட்டு, ஜன்னலை ஓரளவாவது திறந்துவையுங்கள். முக்கால்வாசி உலர்ந்ததை இஸ்திரி போட்டு முடிக்கலாம். பிள்ளை தூங்கும் அறையில் மட்டும் ஈரத்துணி வேண்டாம்.

மார்கழிப் பனியில் எவ்வளவு உடுத்துவது என்பதற்கும் ஒரு வழி உண்டு. குழந்தையின் கையும் காலும் எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும், அதை நம்பாதீர்கள். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள், சில்லென்றிருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். கடற்கரை ஊர்களில் மார்கழி இரவும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதற்குக் கம்பளிக் குல்லாவோடு தூங்கவைத்தால் குழந்தை வெந்துபோகும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளின் கணக்கு வேறு.

அப்புறம், அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகள். காலையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்ததும் வரும் சந்தோஷம் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு சண்டை, அழுகை, செல்போன். மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மூன்று மணி நேரம் என்றால் மலைக்க வேண்டாம். தலையணையைத் தாண்டிக் குதிப்பது, போர்வையில் உட்காரவைத்து இழுப்பது, பாட்டுப் போட்டு ஆடுவது, துணி மடிக்கும்போது சாக்ஸுக்கு ஜோடி தேடி ஓடுவது, தூறல் விட்ட இடைவெளியில் வாசலில் காகிதக் கப்பல் விடுவது எல்லாம் சேர்ந்ததுதான் அது. மழையில்லாத சளி நாளில் வெளியே விளையாடவிடுவதிலும் தப்பில்லை. காய்ச்சல் இல்லை, பிள்ளை கேட்கிறது என்றால் அனுப்புங்கள்.

தடுப்பூசியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிமோனியாவின் முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி, 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. சளி நாளில் தவணை வந்தால் தள்ளிப்போடத் தேவையில்லை. லேசான சளி ஊசிக்குத் தடையில்லை, டாக்டரிடம் காட்டிப் போட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று. பார்ப்பது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதைச் செய்ய ஒரு விழித்த கண் வேண்டும். மூன்று இரவு தூங்காத அம்மாவின் கண் அதற்கு உதவாது. அவளுக்கு மூச்சை எண்ணினால் எண் தப்பும், மருந்துக் கணக்கும் தப்பும். இரவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு மணி வரை ஒருவர், அதற்குப் பின் இன்னொருவர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானாலும், குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டுவதும் நடப்பதும் அப்பாவின் வேலையாக இருக்கலாம். அப்பத்தாவோ அம்மாச்சியோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் மூச்சு எண்ணச் சொல்லிக்கொடுங்கள். கற்பூர எண்ணெயை விடச் சொல்வதைவிட, கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து ‘நீங்க எண்ணுங்க’ என்பது அவர்கள் அக்கறைக்கு மரியாதை.

இன்றைக்கே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்: 60, 50, 40 என்ற மூச்சுக் கணக்கு, பிள்ளையின் இன்றைய எடை, அதற்குரிய பாரசிட்டமால் அளவு, மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. நடு ராத்திரியில் பிள்ளை இருமும்போது புத்தகம் தேட முடியாது, யாரையும் எழுப்பிக் கேட்கவும் தயக்கமாக இருக்கும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அந்தத் தாள் இருக்கட்டும்.